நூலகத்தை ஒட்டி ஒரு பட்டறை

பனி என்ற வஸ்துவைப் படங்களில் மட்டுமே கண்டு பழகிய ஒற்றசேகரமங்கலத்தில் உட்கார்ந்துகொண்டு, பனிமலைச் சரிவுகளில் சறுக்கிச் செல்வதற்கான பலகைகளை ஒருவர் தம் வீட்டுக் கொட்டகையிலேயே செய்துகொள்வதைப் பற்றி எழுதப் புகுந்தால், இதனால் நமக்கு என்ன பிரயோஜனம் என்று வாசகர்கள் கேட்பது நியாயமே. அதற்கு என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் பொறியாளர்களும் தங்கள் கார்க் கொட்டகைகளில் இத்தகைய பலகைகளைச் செய்து, அவற்றின் மேலேயே நின்று மலையிறங்கி வருகிறார்கள். அந்தக் காரியத்துக்கு வேண்டிய மரமும், தச்சுக் கைவித்தையும், கண்ணாடியிழையையும் பிசினையும் கையாளும் பரிச்சயமும், அகஸ்தியமலையில் பிறந்து பூவாறில் கடலைச் சேரும் நெய்யாற்றின் இரு கரைகளிலும் அதை அடுத்த கடற்கரையிலும் நம்மிடமே இருக்கின்றன. அம்மூன்றும் ஒரு கூரையின்கீழ் சந்திக்கும் இடம் ஒன்றுதான் இல்லை. அந்த இடத்தை நம் கிராம நூலகங்களை ஒட்டி உண்டாக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

சறுக்குப் பலகை பிறந்ததே வீட்டுப் பட்டறையில்தான். சுவீடன் தேசத்தில் கால்வ்திரெஸ்க் என்னும் இடத்தில் கிடைத்த பலகை ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று ஆராய்ச்சியாளர் கணித்திருக்கிறார்கள். சீனாவின் வடமேற்கு எல்லையில் உள்ள அல்தாய் மலைவாசிகளோ, ஸ்புரூஸ் மரத்தைக் கோடரியால் செதுக்கி, நுனியை வளைத்து, அடிப்புறத்தில் குதிரைத்தோலை அதன் உரோமம் பின்னோக்கிப் படியும்படி பொருத்தி, முன்னே செல்லும்போது வழுக்கவும் மேடேறும்போது பற்றிக்கொள்ளவும் வல்ல பலகைகளை இன்றைக்கும் தம் கையாலேயே செய்துகொள்கிறார்கள். நார்வேயில் டெலிமார்க் பகுதியைச் சேர்ந்த மார்கெடால் கிராமத்தில் 1825ஆம் ஆண்டு பிறந்த சோந்திரே நோர்ஹெய்ம், நிலமற்ற ஏழைக் குடியானவர்; பலகையின் இடைப்பகுதியைச் சற்றே ஒடுக்கினால் அது வளைவில் தானே திரும்பும் என்பதையும், குதிகாலைச் சுற்றி முறுக்கிய கொடியால் கட்டினால் பலகை காலோடு சேர்ந்து இயங்கும் என்பதையும் அனுபவத்தால் கண்டு, 1868இல் தலைநகரில் நடந்த போட்டியில் எல்லோரையும் வியக்கவைத்தவர் அவர். பலகையின் ஓரத்துக்கு உருக்கு விளிம்பு கட்டும் யுக்தியை 1920களில் கண்டுபிடித்த ரூடால்ஃப் லெட்னர் சால்ஸ்பர்க் நகரத்துக் கணக்காளர்; மலையேறுவது அவருக்கு ஓய்வுநேர விருப்பம்.

இன்று உலகெங்கும் வழங்கும் அடுக்குப் பலகையின் வரலாற்றில் ஹோவர்ட் ஹெட் என்ற பெயருக்குத் தனி இடம் உண்டு. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து விமானத் தொழிற்சாலையில் பணிபுரிந்த அந்த மனிதர், தம் கால்களில் மாட்டியிருந்த கனத்த மரப்பலகைகள் பிடிக்காமல், விமானச் சிறகுகளில் கையாளப்படும் முறையில், இலேசான நடுப்பொருளின் இருபுறமும் அலுமினியத் தகட்டை ஒட்டி ஒரு பலகையைச் செய்யத் தீர்மானித்தார். 1947 முதல் அவர் ஒரு சிறு பட்டறையில் செய்த ஜோடிகளை ஸ்டோ மலைச்சரிவில் பயிற்சியாளர்கள் மிதித்து உடைத்தார்கள், உடைந்த இடத்தைப் பார்த்து அடுத்த ஜோடியைத் திருத்தினார், அதுவும் உடைந்தது. மூன்று பனிக்காலங்கள் இப்படியே கழிந்து, 1950இல்தான் நிலைத்து நிற்கும் பலகை கிடைத்தது. பிற்காலத்தில் பெருந்தொழிலாக வளர்ந்த அந்த ஸ்தாபனத்தின் அஸ்திவாரம், தவறு எங்கே நேர்ந்தது என்பதைத் தன் கண்ணால் பார்க்கத் தன் கையாலேயே செய்து பார்த்த ஒரு மனிதனின் பிடிவாதமே ஆகும்.

வீட்டில் செய்யும் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில், இதில் எந்தப் பகுதி நம்மால் இயலாதது என்பதை வாசகரே தீர்மானித்துக்கொள்ளலாம். பலகையின் உயிர் அதன் மரக்கரு. ஆஷ், மேப்பிள், பாப்லர் முதலிய மரங்களை மெல்லிய சட்டங்களாக அறுத்து, அடுத்தடுத்த சட்டங்களின் ரேகைகள் ஒன்றையொன்று எதிர்நோக்கும்படி பக்கவாட்டில் ஒட்டி ஒரே பலகையாக்குகிறார்கள். மரத்தின் இயல்பான முறுக்கம் ஒரு சட்டத்தில் வலமாகவும் மறு சட்டத்தில் இடமாகவும் இழுத்துச் சமனாகிவிடும் என்பது இதன் தத்துவம். பின்பு அந்தக் கருவை நடுவில் 11 அல்லது 12 மில்லிமீட்டர் கனமும் இரு நுனிகளில் 2 மில்லிமீட்டர் கனமும் இருக்குமாறு படிப்படியாக இழைக்க வேண்டும். சரிவான இரு வழித்தடங்களின் மேல் ரூட்டர் இயந்திரத்தை ஓட்டி இதைச் சாதிப்பது வழக்கம். நல்ல ஆசாரி ஒருவர் இழைப்புளி கொண்டே செய்துவிடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நடுவில் அரை மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் பலகையின் விறைப்பு மாறிவிடும். கனத்தின் மும்மடியைப் பொறுத்து விறைப்பு ஏறுவதால், கனம் பத்தில் ஒரு பங்கு கூடினால் விறைப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. இவ்வளவு அற்பமான அளவு இவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும் என்பதைப் பாடப்புத்தகத்தில் வாசித்துப் பரீட்சையில் எழுதிய மாணவன், தான் இழைத்த பலகையைக் கையால் வளைத்துப் பார்க்கும்போதுதான் அதை உண்மையில் அறிகிறான்.

அடுக்கும் வேலை இதற்குப் பின் வருகிறது. எல்லாவற்றுக்கும் கீழே, மெழுகை உறிஞ்சி வழுக்கும் தன்மையுள்ள பாலிஎத்திலீன் தகடு, அதன் ஓரங்களில் உருக்கு விளிம்பு, உருக்கும் மரமும் வெவ்வேறு விதமாய் அதிர்வதனால் ஒட்டு விட்டுப்போகாதிருக்க அவற்றினிடையே மெல்லிய ரப்பர் நாடா, அதன்மேல் எப்பாக்ஸிப் பிசினில் ஊறிய கண்ணாடியிழைத் துணி, பின்பு மரக்கரு, மீண்டும் ஒரு கண்ணாடியிழை, மேலே அலங்காரத் தகடு. இத்தனையையும் நுனி வளைந்தும் நடு சற்றே மேடாகவும் அமைந்த ஓர் அச்சின்மேல் கிடத்தி, பிசின் இறுகும்வரை அழுத்தி வைக்க வேண்டும்.

அழுத்தம் என்று எளிதாகச் சொல்லிவிட்டாலும், இந்த வித்தையில் மிகுந்த எச்சரிக்கை வேண்டுவது இங்கேதான். 180 சென்டிமீட்டர் நீளமும் சராசரி 11 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பலகையின் பரப்பு ஏறத்தாழ 2,000 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ வீதம் அழுத்தினால் மொத்தச் சுமை 6,000 கிலோ, அதாவது வளர்ந்த கொம்பன் யானை ஒன்றின் எடையையும் மிஞ்சும் பாரம். வீட்டுப் பட்டறைக்காரர்கள் இந்த அழுத்தத்துக்குத் தீயணைப்புப் படையினரின் குழாயைப் பயன்படுத்துகிறார்கள்; இரு முனைகளையும் இறுக்கி மூடிய குழாயைப் பலகைக்கு மேலே வைத்து, வாகனச் சக்கரத்துக்குக் காற்றடிக்கும் அதே அமுக்கியால் காற்றைச் செலுத்துகிறார்கள். காற்று எளிது, அந்த ஆறு டன்னையும் விரியாமல் பிடித்து நிற்கும் உருக்குச் சட்டகந்தான் அரிது. சட்டகத்தின் ஒரு போல்ட் தரக்குறைவாக இருந்தாலும் அருகில் நிற்பவருக்குப் பிராண ஆபத்து. ஆகவே தொடக்கக்காரர்களுக்கு நான் சிபாரிசு செய்வது மற்றொரு முறையையே: அச்சையும் பலகையையும் பிளாஸ்டிக் உறையில் இட்டு, உறையிலுள்ள காற்றைப் பம்பினால் வெளியேற்றிவிட்டால், வெளியிலுள்ள வாயுமண்டலமே சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வீதம் அழுத்துகிறது. பழைய குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரஸரைத் திருத்தி இந்தப் பம்பை அமைத்துக்கொள்வோரும் உண்டு. உறை கிழிந்தால் பலகை கெடும். மனிதனுக்கு ஒன்றும் நேராது.

இந்த விவரங்களை வாசிக்கும்போதெல்லாம் என் மனம் நம் கடற்கரைக்கே போய்விடுகிறது. பொழியூரிலும் பூவாறிலும் கட்டுமரம் கட்டியவர்கள், இலேசான மரத்தடிகளைத் தேர்ந்து, முன்புறம் மேல்நோக்கி வளையுமாறு செதுக்கி, ஆணி ஒன்றுகூட அடிக்காமல் கயிற்றால் பிணைத்து, அலையின் முதுகின் மேல் ஏறி இறங்கும் கலத்தைச் செய்தார்கள். கடலிலிருந்து திரும்பியதும் கட்டை அவிழ்த்து, தடிகளைத் தனித்தனியே மணலில் கிடத்தி உலர்த்துவதும் அவர்களுடைய பரம்பரை அறிவே. நீர் குடித்த மென்மரம் கனத்துப் போகும் என்பதை அவர்களுக்கு யாரும் வகுப்பறையில் கற்பிக்கவில்லை. பிற்பாடு, வள்ளம் குடைவதற்கேற்ற பெருமரங்கள் அருகி விலையேறிய காலத்தில், முட்டத்தில் பியேர் ஜில்லெ என்பவரும் அவரோடு உழைத்த உள்ளூர்க்காரர்களும் ஒட்டுப்பலகைப் படகுகளைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். வெட்டிய ஒட்டுப்பலகைத் துண்டுகளின் ஓரங்களைச் செப்புக் கம்பியால் தைத்து, தையலின் மேல் கண்ணாடியிழையும் பிசினும் பூசி இறுக்கும் முறை அது. 1980இல் தோன்றிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அந்தப் படகுகளைத் தன் பட்டறைகளில் கட்டிப் பரப்பியது. சிறிய அளவில் ஒரு தொழில்நுட்பத்தை நிலைநாட்டுவது எத்தனை பிரயாசையானது என்பதை ஜில்லெ 1985இல் வெளியிட்ட தம் நூலின் தலைப்பிலேயே சொல்லிவிட்டார். தச்சனும் மீனவனும் பொறியாளனும் ஒரே கொட்டகையில் நின்று வாதாடிச் செய்த அந்தப் படகுகளைக் காட்டிலும், ஒரு ஜோடிச் சறுக்குப் பலகை கடினமான வேலை என்று எனக்குத் தோன்றவில்லை. நுட்பம் சற்று வேறு. பிசினும் இழையும் பொறுமையும் ஒன்றே.

பனியோடு உறவுள்ள நம்மவர் கதையும் ஒன்று உண்டு. தலச்சேரியைச் சேர்ந்த தந்தைக்கும் இத்தாலியத் தாய்க்கும் மகனாக மணாலிப் பக்கத்தில் வளர்ந்த சிவ கேசவன், 1998இல் நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு வண்டிப் போட்டியில் பதினாறு வயதில் கலந்துகொண்டு, 2018 வரை ஆறு ஒலிம்பிக்குகளில் பாரதத்தின் பிரதிநிதியாக நின்றார். அந்தப் பந்தயத்துக்கேற்ற பனித்தடம் நாட்டில் இல்லாதிருந்த நிலையில், சக்கரம் பொருத்திய வண்டியைச் செய்துகொண்டு, லாரிகளும் ஆட்டு மந்தைகளும் செல்லும் இமயமலைத் தார்ச்சாலைகளில் மல்லாந்து படுத்தபடி இறங்கி அப்பியாசம் செய்தார் அவர். வசதி வருமட்டும் காத்திருக்காமல் உபகரணத்தைத் தானே உண்டாக்கிக்கொண்ட அந்த மனோபாவத்தை நம் இளைஞர்களிடம் எப்படி வளர்ப்பது என்பதே என் கவலை.

ஒற்றசேகரமங்கலத்துக்கு வருகிறேன். 1956 நவம்பர் முதல் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்தோடு சேர, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கு இப்பால் தமிழ் பேசுவோரும் அப்பால் மலையாளம் பேசுவோரும் அன்றுதொட்டு இரண்டு சர்க்கார்களின் கீழ் வாழ்ந்தாலும், இருபுறமும் காடாய் நிற்பது ஒரே ரப்பர்தான். பால் வற்றி வெட்டப்படும் ரப்பர் மரம் ஒரு காலத்தில் விறகுக்கும் பெட்டிக்கும் மட்டுமே உதவியது. அறுத்தவுடன் போரான் உப்பில் பதம் செய்தால் வண்டு துளைக்காது என்று அறிந்த பிறகு, அது நாற்காலியும் ஒட்டுப்பலகையுமாகப் பெரும்பாவூர் ஆலைகளிலிருந்து நாடெங்கும் போகிறது. படகுக்கும் கதவுக்கும் பேர்போன அயினி நம் புரயிடங்களில் நிற்கிறது. மேல்நாட்டார் சறுக்குப் பலகையின் கருவாக விரும்பி வாங்கும் மூங்கிலும் நம் ஆற்றோரம் வளர்கிறது. ஆனால் பண்டு ஆசாரி வீட்டுத் தாழ்வாரத்தில் உளியின் ஓசை கேட்டு வளர்ந்த குழந்தைகளுக்குக் கிடைத்த கல்வி, இன்றைக்கு எந்தக் குழந்தைக்கும் கிடைப்பதில்லை. கதவும் ஜன்னலும் ஆயத்தமாகக் கடையில் வருகின்றன. ஆசாரியின் மகன் வளைகுடாவுக்குப் போய்விட்டான். புதிதாய்க் கட்டும் வீடுகளில் வாகனத்துக்கும் பூஜைக்கும் இடம் ஒதுக்குகிறவர்கள் ஒரு வேலைமேசைக்கு ஆறடி இடம் ஒதுக்க நினைப்பதில்லை.

தனித்தனி வீடுகளில் இதைச் சரிசெய்ய முடியாது என்பது என் திடமான அபிப்பிராயம். ஒரு ஜோடிப் பலகைக்காக ரம்பமும் ரூட்டரும் பம்பும் அச்சும் வாங்குகிறவன், கடையில் விற்கும் பலகையைவிடப் பன்மடங்கு செலவழித்திருப்பான். மேல்நாட்டு வீட்டுப் பட்டறைக்காரர்களே இதை மறைப்பதில்லை. அதே சாதனங்கள் முப்பது பேருக்குப் பொதுவானால் கணக்கு மாறிவிடுகிறது. புத்தகம் வாங்க வழியற்றவர்களுக்காக 1945இல் அம்பலப்புழையில் நாற்பத்தேழு நூலகங்களைத் திரட்டித் திருவிதாங்கூர் கிரந்தசாலைச் சங்கத்தைத் தொடங்கிய பி. என். பணிக்கரின் யோசனையும் இதுவே. தனியொருவன் வாங்க இயலாததை ஊர் சேர்ந்து வாங்கி, சிரத்தையுள்ளவன் கையில் கொடுப்பது. அவருடைய நினைவுநாளான ஜூன் 19ஐ ஆண்டுதோறும் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறோம். புத்தகத்தைக் கடனாகக் கொடுக்கும் நூலகம் இழைப்புளியையும் கிளாம்பையும் ஏன் கொடுக்கலாகாது? திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிலும் கொச்சியிலும் ஃபேப் லேப் என்ற பொதுப் பட்டறைகள் நவீன இயந்திரங்களோடு இயங்குகின்றன. அவற்றை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் மண்டபத்தின்கடவிலிருந்து பஸ் ஏறிச் செல்லும் பத்தாம் வகுப்புப் பையனுக்கு, நகரத்து ஆய்வகம் ஒரு நாள் பார்வையிடும் இடமாகவே இருக்கும். மாலைதோறும் போய் உட்கார்ந்து இழைக்கும் இடம் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இதற்கு எழக்கூடிய ஆட்சேபங்களில் இரண்டு மட்டுமே என்னை யோசிக்கவைக்கின்றன. முதலாவது, தேக பாதுகாப்பு. மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995இல் தீர்மானமாக அறிவித்தது; எப்பாக்ஸியின் கடினமாக்கி தோலில் அடிக்கடி பட்டால் ஒவ்வாமை பிறந்து, பிறகு ஆயுள் முழுதும் அந்தப் பிசினின் அருகே போக முடியாமல் செய்துவிடும். தூசியை உறிஞ்சும் குழாயும், கையுறையும், முகமூடியும், காற்றோட்டமும் இல்லாத பட்டறையைத் திறக்காதிருப்பதே மேல். நம் சீதோஷ்ணமும் ஒரு தொந்தரவு. இடவப்பாதி மழையில் மரம் ஈரம் குடித்து உப்பும். காற்றிலுள்ள ஈரத்தால் பிசினின் மேல் மெழுகுப் படலம் படர்ந்து அடுத்த அடுக்கு ஒட்டாது. ஆகவே அறுத்த சட்டங்களை உலர்த்தி வைக்க ஒரு வெப்ப அறையும், ஒட்டும் வேலையை வறண்ட மாதங்களுக்கு ஒதுக்கும் ஒழுங்கும் வேண்டும். காலைப் பலகையோடு பிணைத்து, விழும்போது தானே விடுவிக்கும் பைண்டிங் என்ற கருவியை மட்டும் எவரும் வீட்டில் செய்ய முயலக் கூடாது; அது முழங்காலைக் காப்பது, விலைக்கே வாங்க வேண்டியது.

இரண்டாவது ஆட்சேபம், செய்த பலகையை யார் உபயோகிப்பது என்பது. அதற்கு நம் நாட்டிலேயே ஆளுண்டு. காஷ்மீரத்துக் குல்மார்க்கில் 1927இல் ஆங்கிலேயர் சறுக்குச் சங்கம் தோற்றுவித்தார்கள். 1948இல் நம் ராணுவத்தார் அங்கே சறுக்குப் பள்ளி ஒன்றை நிறுவினார்கள். அதுவே பிற்பாடு உயர்மலைப் போர்ப் பள்ளியாயிற்று. 2018இல் துருக்கியில் வெண்கலம் பெற்ற மணாலியின் ஆஞ்சல் தாக்கூரும், 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பாரதத்தின் ஒரே வீரராக நின்ற காஷ்மீரத்து ஆரிஃப் கானும், நம் இமயமலைப் பனியிலிருந்து எழுந்தவர்கள். ஆரிஃபின் தந்தை சறுக்கு உபகரணக் கடை வைத்திருந்ததனால் அவருக்கு நான்கு வயதிலேயே பலகை கிடைத்தது. கடைக்காரரின் மகனாகப் பிறக்காத மலைக்கிராமத்துப் பிள்ளைகளுக்கு அயல்நாட்டு விலையில் வரும் பலகை எட்டாதது. அவர்களுக்காக நல்ல பயிற்சிப் பலகைகளைத் தெற்கே உள்ள தச்சரும் படகுப் பட்டறைக்காரரும் செய்து கொடுப்பது, தேசத்தின் இரு முனைகளுக்கும் தகுதியான உறவாக இருக்கும்.

தொடக்கத்திலேயே பனிக்குப் போக வேண்டியதில்லை. விழிஞ்ஞத்தை அடுத்த கோவளத்தில் இளைஞர்கள் அலைச்சறுக்கு பயில்கிறார்கள்; அவர்கள் நிற்கும் பலகையும் மரமும் இழையும் பிசினும் கொண்டு செய்யத்தக்கதே; உடைந்தால் நீந்திக் கரையேறலாம். முதல் ஆண்டில் துடுப்புகளும் அலைப்பலகைகளும், வெற்றிடப் பம்பின் துணையோடு வளைத்த நாற்காலிக் கால்களும் செய்யட்டும். ஓய்வுபெற்ற ஆசாரி ஒருவரையும் படகுப் பட்டறையில் பிசின் வேலை பழகிய ஒருவரையும் ஊராட்சி சம்பளம் கொடுத்து ஆசிரியர்களாக அமர்த்தட்டும். இரண்டாம் ஆண்டில் ரப்பர் மரத்தையும் மூங்கிலையும் கலந்த கருவோடு முதல் ஜோடிச் சறுக்குப் பலகை தயாரானதும், குல்மார்க்கில் உள்ள பனிச்சறுக்கு நிலையத்துக்கு அதை அனுப்பி, பயிற்சியாளர்களைக் கொண்டு இரக்கமின்றிச் சோதித்துப் பார்க்கும்படியும், எந்த இடத்தில் எப்படி உடைந்தது என்ற குறிப்போடு துண்டுகளைத் திருப்பி அனுப்பும்படியும் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தத் துண்டுகளை மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு இரண்டாவது ஜோடியைத் தொடங்கலாம்.